குழாயடித் தட்டு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்ட அந்த இருமல் நல்ல இருமல் இல்லை. வெந்நீர் குடி.

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வரும் என்று நீதான் சொன்னாய். வாஸ்தவம். போன வாரம் நாம் கத்திய கத்தலில் மாடி வீட்டுத் தையற்காரம்மா இறங்கி வந்து, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். அதனால் இனி கடிதம்தான். திட்டி எழுதினாலும் தபால் போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிடும்.

யோசித்துப் பார்த்தேன். நீ கேட்டதற்குச் சம்மதம். பூனை வரட்டும்.

இதை எழுதும்போதே எனக்குக் குமட்டுகிறது, தெரிந்துகொள். பூனை என்றால் முடி. சோற்றில் முடி, தண்ணீரில் முடி, போர்வையில் முடி. உடம்பில் எங்கெங்கோ நக்கிவிட்டு அதே நாக்கால் நம் கையையும் நக்கும். சீ! இந்த வீட்டில் ஒரு கிளிகூட வளர்ந்தது கிடையாது. இத்தனை வயசுக்கு மேல் எனக்கு இது தேவையா?

தேவையாகிவிட்டது, என்ன செய்ய? டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்ததைச் சொன்னேன் அல்லவா? எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று சொல்லவில்லை. மூன்று மணி நேரம். கண்ணுக்கு நேரே தண்ணீர் போகிற ஓட்டை. அதன் விளிம்பில் படிந்திருந்த வழவழப்பை மூன்று மணி நேரமும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு தடவை அப்படிக் கிடக்க என்னால் ஆகாது. ஜூலைக் கடைசியில் நீ ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிட்டால் எனக்குத் தைரியம். நீயோ பூனை இருக்கிற வீட்டில்தான் இருப்பேன் என்கிறாய். பதினொரு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவன் ஒரு பூனையை முன்னால் வைத்து நிபந்தனை போடுகிறாய். சரி, போடு.

என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று எழுது. கடைச் சாமானாக எழுதித் தொலைக்காதே. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுப் பென்ஷனில் பூனைக்கு மெத்தை வாங்க முடியாது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். பம்பு ஓடுகிற சத்தத்தில் இருமல் கேட்பதில்லை, அதனால் இல்லை என்று வைத்துக்கொள். மூன்று மணி நேரம் என்று இப்போதுதான் சொல்கிறாய். முழங்காலைக் கவனி, குளியலறையில் ஒரு சாக்கை விரித்து வை.

நீ சம்மதித்ததை மேஸ்திரியிடம் சொன்னேன். அவன் பெயர் அதுதான். நாங்கள் பம்பைக் கழற்றி மாட்டும்போது மேல் குழாயில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொருத்தன் கையையும் முறைத்துப் பார்ப்பான். ஒரு வேலையும் செய்ய மாட்டான். வேலை முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போய்விடுவான். ஆறு வருஷத்துக்கு முன்னால், உள்ளங்கை அளவு இருந்தவனைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வலை போட்டு எடுத்தேன். அப்போது அவன் அடித்த நாற்றத்தை நீ முகர்ந்திருந்தால் இந்தக் கடிதத்தையே தொட மாட்டாய். பயப்படாதே, இப்போது என்னைவிடச் சுத்தம்.

இந்தப் பம்பு நிலையத்தை மூடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் என் அறையைக் காலி செய்ய வேண்டும். ஜூலை முடியும்வரை எல்லோருக்கும் ஒரே கூடத்தில் படுக்கை, அங்கே பூனைக்கு இடமில்லை. அதனால் அவன் முதலில் வருவான். உதிரிச் சாமான் ஏற்ற உன் ஊர்ப் பக்கம் வருகிற லாரி டிரைவர் கூடையில் கொண்டுவந்து தருவார். மூன்று மாதம் அவனால் அந்த வீட்டில் இருக்க முடிந்தால் நானும் வருகிறேன். அவனால் முடியவில்லை என்றால் என்னாலும் முடியாது.

செலவே வேண்டாம், அக்கா. படுக்க ஒரு அட்டைப்பெட்டி, அதில் பழைய துணி. ஒரு பக்கம் கதவு மாதிரி வெட்டிவிடு, அவனுக்கு ஒளிந்துகொண்டு பார்க்க வேண்டும். உடைந்த பிளாஸ்டிக் தொட்டியில் மண் நிரப்பி ஒரு மூலையில் வை, சாப்பாட்டிலிருந்து தள்ளி. நீயும் சாப்பிடும் இடத்தில் அதைச் செய்ய மாட்டாய் அல்லவா? மேஜைக் காலில் பழைய கொடிக்கயிற்றைச் சுற்றிவிட்டால் நகத்தை அங்கே தேய்த்துக்கொள்வான், உன் நாற்காலி தப்பிக்கும். ஜன்னலுக்கு வலை அடி. ஊசி நூல், ரப்பர் வளையம், உன் மாத்திரை எதையும் கீழே விடாதே, நூலை விழுங்கினால் குடலில் சிக்கும். கொஞ்சம் மீன், கொஞ்சம் சோறு, உப்பு வேண்டாம், வெங்காயம் கூடவே கூடாது. விளையாட ஒரு காகித உருண்டை போதும்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். இருக்கட்டும்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாக்கை விரித்தேன், அது நனைந்து நாறியது, எடுத்து எறிந்துவிட்டேன். மற்றபடி நலம். இருமலை இல்லையென்று வைத்துக்கொள்ள எனக்கு வராது, டாக்டரைப் பார்.

நீ சொன்னதெல்லாம் செய்தாகிவிட்டது. நடந்த அசிங்கத்தைக் கேள். மருந்துக் கடையில் அட்டைப்பெட்டி ஓசியில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் மூலையில் ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து கிடக்கிறது, அதன் முட்டைகள் அட்டை மடிப்பில் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. கத்தியால் சுரண்டினேன். கத்தியையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மெத்தைக்குத் தையற்காரம்மா வெட்டுத் துணி ஒரு மூட்டை கொடுத்தாள். அவள் வீட்டு ஆட்களின் முடி, அறுந்த பொத்தான், என்றைக்கோ யாரோ கடித்துத் துப்பிய நூல், எல்லாம் அதற்குள். மூன்று முறை கொதிக்க வைத்தேன்.

கட்டிட வேலை நடக்கிற இடத்தில் மண் கேட்டேன். கொத்தனார், "எதுக்கும்மா, செடி வைக்கவா?" என்றார். என்ன சொல்வது? "ஆமா" என்றேன். சலித்து நிரப்பி வைத்திருக்கிறேன். தினமும் அதைக் கடக்கும்போது, இதில் ஒரு ஜீவன் வந்து உட்காரும், அதை நான் அள்ளுவேன் என்று நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஜன்னலுக்கு ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய கொசுவலை. மேஜைக் காலுக்குக் கொடிக்கயிறு. இதுவரை கையை விட்டு ஒன்றும் பெரிதாகப் போகவில்லை, நீயே மெச்சுவாய்.

தட்டுக்கும் செலவில்லை. பின்பக்கக் குழாயடியில் உன் தட்டு அப்படியே இருந்தது, அந்த நீல விளிம்புத் தட்டு. ஓரத்தில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான். தேய்த்துப் பூனைக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற பாத்திரத்தோடு கலக்காது, வசதி.

டிரைவர் எப்போது வருகிறார் என்று எழுது. இன்னொன்று என்று எழுதினாயே, அது என்ன?

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அறையைக் காலி செய்கிற வேலையில் பதில் போடத் தாமதமாகிவிட்டது.

மே 2-ஆம் தேதி காலையில் டிரைவர் வருவார். கூடையைத் திறந்ததும் அவனைத் தூக்காதே, தானாக வருவான்.

தட்டு பற்றி எழுதியிருந்தாய். சரி.

தம்பி

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான்கு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, உன் பூனை நலம். நீ கூடத்தில் எப்படி இருக்கிறாய்? போன கடிதம் தந்தி மாதிரி இருந்தது. கோபமா, வேலையா?

டிரைவர் வந்தார். கூடையை முன்வாசல் படியில் வைக்கப் போனார். "ஐயோ, அங்க வேணாம், பின்னாடி கொண்டு வாங்க" என்றேன். "என்னம்மா, பூனைக்கும் பின்வாசல்தானா?" என்று சிரித்துக்கொண்டே சுற்றி வந்தார். கூடைத் துணி முழுக்க மூத்திரம். அந்த நெடி மூக்கில் ஏறியதில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நல்ல பூனைம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

திறந்ததும் பீரோவுக்கு அடியில் போனதுதான், இரண்டு நாள் வெளியே வரவில்லை. வந்தபோது மீசை முழுக்க ஒட்டடை. முப்பது வருஷமாக நான் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிற வீட்டில் இவ்வளவு அழுக்கு எங்கே இருந்தது? எனக்கே அவமானமாகப் போய்விட்டது. அது பாட்டுக்கு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் நக்கி விழுங்கியது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது.

மறுநாள் கக்கல். முதுகை வளைத்து, கழுத்தை நீட்டி, ஏதோ அடைத்த குழாய் மாதிரி சத்தம் போட்டு, என் செருப்புக்குள் கக்கியது. விரல் நீளத்துக்கு ஈரமான முடிச்சுருள். நான் பார்க்காத அசிங்கமா? ஆஸ்பத்திரித் துணியில் பார்க்காததா? ஆனால் அதெல்லாம் செருப்புக்குள் கால் விட்ட பிறகா தெரிந்தது! நேற்று என் தலையணையில் ஒரு பல்லி வால். துடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பரிசு போல, பக்கத்திலேயே உட்கார்ந்து பாராட்டுக்குக் காத்திருந்தது.

நான் விடுவேனா? காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் வீடு முழுக்கத் துடைக்கிறேன். அது கால் வைத்த இடமெல்லாம், அட்டைப்பெட்டிக்கு அடியிலும், மண் தொட்டியைச் சுற்றியும். யாராவது வந்தால் இங்கே பூனை இருக்கிறது என்றே சொல்ல மாட்டார்கள்.

அலுத்துப்போன,
அக்கா

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். கோபமில்லை. கூடத்தில் பதினெட்டுப் பேர், பதினெட்டு விதமான குறட்டை. நீ தூங்கப் பார்.

பல்லி வால் கொடுத்தான் என்றால் உன்னை அவனுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு முழு எலி கிடைக்க ஒரு வருஷம் ஆனது. செருப்பு விஷயத்தைப் படித்துச் சிரித்தேன், இருமல் வந்துவிட்டது.

மூன்று வேளை துடைக்கிறாய். முழங்காலை வைத்துக்கொண்டு எதற்கு அவ்வளவு? வெறும் தண்ணீரில் ஒரு வேளை துடைத்தால் போதும், அக்கா. வெறும் தண்ணீர் போதும்.

தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம். இருமலோடு சிரிக்காதே, சிரித்தால் எழுதாதே, எனக்குக் கவலையாக இருக்கிறது.

வெறும் தண்ணீராம்! வெறும் தண்ணீரில் துடைத்தால் அழுக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் குடிபோகும், வீட்டை விட்டுப் போகாது. அந்தத் தொட்டியிலேயே வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்? என் வாளியில் என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும். ஆஸ்பத்திரி அளவு. அதற்குக் குறைந்து நான் ஊற்றியதே இல்லை.

உன் மேஸ்திரிக்கு இப்போது திமிர் ஏறிவிட்டது. மீனை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, நூல் நூலாக. அது உட்கார்ந்து எழுந்த இடத்தில் வட்டமாக ஈரம். தொட்டுவிட்டேன், கையை ஐந்து தடவை கழுவினேன். காலை மட்டும் ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு சுத்தம் பார்க்கிறது என்று தையற்காரம்மா மெச்சுகிறாள். சுத்தமாம்!

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. சாயங்காலம் நான் நாற்காலியில் உட்கார்ந்தால் வந்து என் காலடியில் உட்காருகிறது. நான் எழுந்தால் எழுகிறது. நேற்றுக் குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் வரும்வரை கத்திக்கொண்டிருந்தது. அதற்கு என்ன கவலையோ. துண்டால் தள்ளிவிட்டேன்.

ஜூலைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியில் கோடு போட ஆரம்பித்திருக்கிறேன்.

அக்கா

ஜூன் 12

அக்கா,

வாளியை வைத்துத் துடைப்பதை உடனே நிறுத்து. தரையை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிடு. காரணம் பிறகு எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி? மேஸ்திரி சாப்பிடுகிறானா? உடனே பதில் போடு.

தம்பி

ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. உன் கார்டு வந்தது. பத்து நாள் முன்னால் வந்திருக்க வேண்டும்.

பயப்படாதே, உயிரோடு இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மற்றதைப் படி.

ஜூன் 6-ஆம் தேதி காலையில் அட்டைப்பெட்டியிலிருந்து எழுந்து வந்தது. நான்கு அடி வைத்தது, பின்னங்கால் மடங்கி விழுந்தது. வாயைத் திறந்தால் நாக்கெல்லாம் புண். நான் இந்தக் கையால் அதைத் தூக்கிப் புடவையில் சுற்றிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படியோ போனேன். வழியில் என் மேலெல்லாம் கழிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தம்பி! நான் ஒருத்தரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண். பூனையின் பாதத்தைத் தூக்கி மூக்கில் வைத்து முகர்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"வீட்ல தரைக்கு என்னம்மா ஊத்துறீங்க?"

"பினாயில்."

"எவ்வளவு?"

"ஆஸ்பத்திரி அளவு. மூணு வேளை."

"பூனை காலை நக்கும்மா. நீங்க மூணு வேளையும் அதுக்கு விஷம் ஊட்டியிருக்கீங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனையோ வருஷம் இதுல காலை முக்கி எடுத்த ஆள் இருக்கு, ஒண்ணும் ஆகலையே?" என்றேன். அவள் நிமிர்ந்து, "யாரு முக்கினா? எதுக்கு?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். சோப்புத் தண்ணீரில் பாதத்தை ஒவ்வொரு விரலாக நானே கழுவினேன். விரலுக்கு நடுவே தோல் வெந்து சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் இருந்த பினாயிலை எல்லாம் வெளியே கொண்டுபோய்த் தொலைத்தேன். இப்போது கஞ்சி குடிக்கிறது, எழுந்து நடக்கிறது. நான் எழுந்தால் இன்னமும் பின்னாலேயே வருகிறது. விஷம் வைத்தவள் பின்னால் ஏன் வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதைப் பார்த்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நூலை எழுதினாய், வெங்காயத்தை எழுதினாய். இதை ஏன் எழுதவில்லை? அந்த "இன்னொன்று" இதுதானே?

அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

வணக்கம். அவனைத் தூக்கிக்கொண்டு போனதற்கு நன்றி.

ஆமாம், அதுதான். "பினாயில் கூடாது" என்று மார்ச்சிலேயே எழுதினேன், கிழித்துவிட்டு வேறு காகிதத்தில் எழுதினேன். மே மாதம் நீ வாளி என்று எழுதியதைப் படித்த பிறகும் இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். போன் பண்ணியிருக்கலாம். அந்த வார்த்தையை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீம்புக்கு அவன் செத்திருப்பான். உன்மேல் பாதிப் பழி, என்மேல் பாதி.

டாக்டருக்கு நீ பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். காலை முக்கியவன் நான். எட்டு வருஷம், ஒவ்வொரு தடவை வரும்போதும். பின்வாசல், குழாயடி, சட்டையைக் கழற்று, வாளியில் காலை வை. குழாயடியிலேயே அந்தத் தட்டில் சோறு. என் பாதமும் வெடித்தது, அக்கா. நான் நக்கவில்லை, அதனால் எனக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

கடைசித் தடவை நான் வந்தது ஞாபகம் இருக்கிறதா? தலைமை மெக்கானிக் ஆக்கியிருந்தார்கள். லீவு போட்டு, இரண்டு தடவை குளித்து, புதுச் சட்டை போட்டு, கையில் பொட்டலத்தோடு முன்வாசலில் நின்றேன். அன்றைக்கு நான் தொட்டிப் பக்கமே போகவில்லை. நீ கதவைத் திறந்தாய். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பின்னாடி வா" என்றாய். பொட்டலத்தை மதில்மேல் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பஸ் முழுக்க என் கையை நானே முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டு எனக்கே அருவருப்பு வரும்படி செய்துவிட்டாய்.

அதனால்தான் அவனை முதலில் அனுப்பினேன். தொட்டியிலிருந்து வந்தவன் அந்த வீட்டில் பிழைக்கிறானா என்று பார்க்க. பார்த்தாகிவிட்டது.

இங்கே ஒரு மோட்டார் பட்டறைக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை கிடைத்திருக்கிறது. பூனையை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 18-ஆம் தேதி டிரைவர் வருவார். மேஸ்திரியைக் கூடையில் போட்டு அனுப்பிவிடு. உன்னோடு இருக்க நல்ல ஆள் ஒருத்தியைத் தையற்காரம்மா மூலம் பார்த்துக்கொள். குளியலறையில் ரப்பர் விரிப்பு போடு.

தம்பி

ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். டிரைவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முன்வாசல் வழியாகத்தான் வந்தார். அவராகவே பின்பக்கம் சுற்றப் போனார், கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். லாரி கிரீஸ் என் நாற்காலியில் ஒட்டியிருக்கிறது. ஒட்டட்டும்.

உன் கடிதத்துக்குப் பதிலாக ஐந்து காகிதம் எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்தேன். எனக்கு அது எழுத வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் யார் யாருடைய ரத்தமும் சீழும் மலமும் தோய்ந்த துணியை இந்தக் கையால் பிரித்துப் போட்டேன். தினமும் சாயங்காலம் அந்தக் கையோடு இந்த வீட்டுக்கு வந்தேன். எந்த வாசல் வழியாக வந்தேன், தெரியுமா? முன்வாசல். ஒரு நாள்கூட நான் குழாயடியில் நின்றதில்லை, வாளியில் காலை வைத்ததில்லை. உன் கடிதத்தைப் படிக்கும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை. சீ, என்ன ஜன்மம் நான்!

பொட்டலம் ஞாபகம் இருக்கிறது. மழையில் நனைந்து எறும்பு மொய்த்தது. விளக்குமாற்றால் தள்ளிக் குப்பையில் போட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. என்ன வாங்கி வந்தாய், தம்பி?

மேஸ்திரிக்கு ஒரு பழைய டப்பா மூடி போதும், அதில்தான் தின்கிறான். நீல விளிம்புத் தட்டை உள்ளே கொண்டுவந்தேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அதில்தான் நான் சாப்பிடுகிறேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எழுந்து போய் வாந்தி எடுத்தேன். பூனை தின்ற தட்டு என்பதால் இல்லை. குழாயடியில் குந்தி உட்கார்ந்து, சட்டையில்லாமல், இதிலிருந்து நீ எடுத்துச் சாப்பிட்டது கண்ணில் வந்துவிட்டது. அப்போது நான் ஜன்னல் வழியாகத்தான் உனக்குக் குழம்பு ஊற்றினேன். இப்போது மூன்று வேளையும் அதில் சாப்பிட்டுவிடுகிறேன். நீ வந்தால் உனக்கு உள்ளே இருக்கிற தட்டு. இது இனி என்னுடையது, கேட்டாலும் தர மாட்டேன்.

பூனையை அனுப்ப மாட்டேன். டிரைவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணன் என்னைத் திட்டுவாரும்மா" என்கிறார். திட்டட்டும். அவன் இந்த வீட்டில் பிழைத்துவிட்டான், அதையும் சேர்த்துப் பார். வேண்டுமென்றால் நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. ஆனால் உன் சட்டையைக் கழற்றாமல் வா.

கூடை காலியாக வருகிறது என்று நினைக்காதே. துணிக்கு அடியில் பார், முன்வாசல் சாவி இருக்கிறது. நான் கதவைத் திறக்கும்வரை நீ வெளியே நிற்க வேண்டியதில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் மேஸ்திரி என் தலையணையில் வாந்தி எடுத்திருக்கிறான். மஞ்சளாக, நடுவில் முடி, அதற்குள் ஒரு பூச்சிக் கால் வேறு. கருமம், கருமம்! வெறும் தண்ணீரில் எத்தனை தடவை துடைத்தாலும் இந்த வாடை போக மாட்டேன் என்கிறது. என்னால் ஒருத்தியாக அள்ளி மாளவில்லை. சீக்கிரம் வா.

உன் அக்கா